பைப்படிக் கரகம்

எங்க தோட்டத்து மாரியம்மன் கரகம் பைப்படியில இருந்துதான் கெளம்பும். சிரிக்காதீங்க. மத்த ஊர்ல எல்லாம் ஆத்தங்கரையில ஜோடிச்சுத் தூக்கிட்டு வருவாங்க. எங்க சுங்கை மெராந்தி தோட்டத்துல ஆறு கண்ணுக்கு எதிர ஓடும், ஆனா நாங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால இருக்குற தண்ணிப் பைப்புக்கு மஞ்சத்துணி கட்டி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, அதத் தெறந்து சொம்புல தண்ணி புடிச்சுக் கரகம் ஜோடிப்போம். ஒரு வருஷம் திருவிழா அன்னைக்குப் பார்த்து தண்ணி கட். லோரியில கொண்டாந்து ஊத்துன தண்ணியிலதான் அந்த வருஷம் ஆத்தா வந்தா. அந்த லோரிக்கும் மாலை போட்டோம். மலாய்க்கார டிரைவர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு.

இப்படி ஆனதுக்கு எங்க அண்ணன் வீரமுத்துதான் காரணம்னு ஊருல ஒரு பேச்சு. அந்தப் பேச்ச மாத்தியே தீரணும்னு ஒத்தக் கால்ல நின்னது எங்க அண்ணி நீலாவதி. நான் மயிலம்மாள், ரந்தாவுல காலையில தோசைக்கடை போடுறவ. அண்ணியப் பத்தி ஆரம்பிச்சா என் தோசை கருகிப் போயிரும்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. இப்ப கல்லு அணைஞ்சிருக்கு, அதனால சொல்றேன்.

அண்ணி தம்பின் டவுன் பக்கத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு வாழ வந்தவங்க. வந்த மறுவாரமே ரப்பர் பேக்டரியில வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. அப்ப ஆத்தங்கரை பூரா அந்த பேக்டரிதான். உறைஞ்ச ரப்பர் கட்டிப்பால் கழுவுற கொட்டகை, அரைக்கிற மெஷின், புகைக்கூண்டு, கழிவுத்தண்ணிக் குட்டை, படகு நிக்கிற பழைய ஜெட்டி, எல்லாம் வரிசையா நிக்கும். கட்டிப்பால் நாத்தம் தெரியுமா உங்களுக்கு? தெரியாதவங்க புண்ணியம் பண்ணவங்க. எத்தனை சோப்பு போட்டாலும் முடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். அண்ணியோட நான் சிரம்பானுக்கு பஸ்ஸுல போனா எங்க பக்கத்து சீட்டுல ஒரு ஆள் உக்கார மாட்டாங்க. எனக்கு அழுகையா வரும். அண்ணி என்ன சொல்வாங்க தெரியுமா? "நல்லதாப் போச்சு மயிலு, காலை நீட்டிக்கிட்டுப் போலாம்." அப்படி ஒரு மனுஷி அவங்க.

அண்ணனுக்கு அதே பேக்டரியில கழிவுத்தண்ணிக் குட்டையில வேலை. குட்டை ரொம்பினா வால்வைத் தெறந்து ஆத்துல விடணும். பேக்டரிக் கணக்குப்பிள்ளை, நாங்க கிராணின்னு சொல்வோம், அவரு தெறன்னா தெறக்கணும், மூடுன்னா மூடணும். ஒரு வருஷம் திருவிழாவுக்கு முன்னால கோயில் கமிட்டிக்காரங்க வந்து, "கரகம் ஜோடிக்கிற அன்னைக்குக் காலையில மட்டும் தெறக்காதப்பா"ன்னு கேட்டாங்க. அண்ணனும் ஆத்தா மேல சத்தியம் பண்ணிச்சு. முதல் நாள் ராத்திரி பூரா பேய் மழை. குட்டை ஒடையப் போவுது, தெறடான்னு கிராணி கத்துறாரு. தெறக்கலன்னா வேலை போயிரும். வேலை போனா வீடும் போயிரும், தோட்டத்து வீடுதானே. அண்ணன் தெறந்துருச்சு.

காலையில அங்க ஆத்துல பூசாரி இடுப்பளவு தண்ணியில நின்னு சொம்ப முக்குறாரு. வெள்ளை வெள்ளையா நொரை வந்து அவரு நெஞ்சுல மோதுது, கூடவே அந்த நாத்தம். சொம்பு கை நழுவி ஆத்தோட போச்சு. அப்ப இருந்த தலைவர் அண்ணனக் கூப்பிட்டு, அத்தனை சனத்துக்கு நடுவுல, "ஆத்தாளுக்கு நாத்தத் தண்ணி ஊத்துன பய நீதான்டா"ன்னாரு. அண்ணன் நேரா வீட்டுக்குப் போயிருச்சு. அன்னையிலேர்ந்து கோயில் வாசப்படிய மிதிக்கல. ஊரும் அந்த வருஷத்துலேர்ந்து பைப்படிக்கு மாறிருச்சு.

எங்க பக்கம் ஒரு வழக்கம். கரகம் வீதியில வர்றப்ப ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வாளியில மஞ்சத்தண்ணி கலந்து வேப்பல போட்டு வெச்சிருப்போம். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து தூக்கிப் பூசாரி கால்ல ஊத்தணும். எங்க அண்ணன் வீட்டு வாசல்ல மட்டும் அண்ணி ஒத்தையா நிப்பாங்க. அண்ணன் உள்ள கதவச் சாத்திக்கும். வருஷா வருஷம் அண்ணி அந்த வாளியத் தூக்க மாட்டாம தூக்கி, சிரிச்ச முகமா ஊத்துறதப் பார்க்குறப்ப எனக்கு கதவ ஒடச்சுக்கிட்டுப் போயி அண்ணன நல்லா நாலு கேக்கணும்னு இருக்கும். மூத்தவராச்சேன்னு விட்டேன்.

அப்புறம் பேக்டரிய மூடிட்டாங்க. அண்ணன் எண்ணெய்ப்பனை, அதான் செம்பனைக் காட்டு வேலைக்குப் போச்சு. அண்ணி கம்பெனி பஸ் ஏறி சுங்கை காடுட் பேக்டரிக்கு வேலைக்குப் போனாங்க. தோட்டத்த வித்தாங்க, லயத்த இடிச்சாங்க, எங்களுக்கு அங்கேயே வரிசை வீடு கட்டிக் குடுத்தாங்க. பைப்ப மட்டும் நாங்க யாரையும் தொட விடல. சீன காண்ட்ரெக்டர் பாவம், தலையில அடிச்சுக்கிட்டு அதச் சுத்தி வளைச்சு கால்வாய் வெட்டுனாரு.

பேக்டரி இருந்த எடம் ரொம்ப காலம் லாலாங் புல்லு மண்டிக் கெடந்துச்சு. திடீர்னு ஒரு நாளு லோரி லோரியா மண்ணு வந்து எறங்குது. குட்டையில இருந்த கறுப்புச் சேத்தையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனாங்க. புது மண்ணு கொட்டி, புல்லு போட்டு, கோல்ப் மைதானம் ஆக்குனாங்க. ஆத்தங்கரையோரம் மட்டும் பொதுமக்களுக்குப் பூங்கா. நடக்குறதுக்குப் பாதை, ஊஞ்சல், பழைய ஜெட்டிக்குப் புதுப் பலகை. யாரு வேணும்னாலும் வரலாம், காசு கெடையாதுன்னு கேட்டுல பெருசா போர்டு வெச்சிருந்தாங்க. எங்க ஆளுங்க ஒருத்தர் போகணுமே! "தொரைமாரு எடம் லா, நமக்கு எதுக்கு வம்பு"ன்னு ரோட்டோரமா நின்னு எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிருவோம். இத்தனைக்கும் தொரைங்க போயி எவ்வளவு காலம் ஆச்சு. வாய்தான் நமக்கு நீளம், காலு கேட்டத் தாண்டாது. நானும் அப்படித்தான்.

முதல்ல உள்ள போனது அண்ணி. ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி, அம்பது வயசுக்கு மேல புல்லு வெட்டுற மெஷின் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா, பின்னால செகப்புக் கொடி பறக்க, அந்த மெஷின் மேல அண்ணி உக்காந்து வர்றதப் பார்க்கணுமே! பசங்க "கோல்ப் நீலா"ன்னு பேரு வெச்சுட்டானுங்க. அண்ணிக்கு அந்தக் கொடி மேல ஒரே பெருமை. "அவங்க பந்து அடிக்கிற எடத்த நாம கடக்கணும்னா இந்தக் கொடிய ஆட்டணும் மயிலு. ஆட்டுனா அடிக்கிறத நிறுத்தணும். டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷனா இருந்தாலும் நிக்கணும், ஆமா"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

ஒரு சாயங்காலம் வேலை முடிஞ்சு நேரா என் வீட்டுக்கு வந்தாங்க. காலணியக் கூடக் கழட்டல.

"மயிலு, ஆத்துல மீனு துள்ளுது. ஜெட்டியில மீன்கொத்தி உக்காந்திருக்கு. நான் குனிஞ்சு மோந்து பார்த்தேன். தண்ணி நாறல."

"அதுக்கு ஏன் அண்ணி இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"இந்த வருஷம் கரகம் ஆத்துலேர்ந்து வரணும். வந்தா உங்கண்ணன் கதவத் தெறந்து வெளிய வருவாரு."

"வரலன்னா?"

"ஆறு நல்லாகியும் வரலன்னா, இனிமே எதுக்கு வரப் போறாரு?" சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு. சிரிச்ச முகத்தையே பார்த்துப் பழகுன எனக்கு அதத் தாங்க முடியல.

கமிட்டிக் கூட்டத்துல நாங்க ரெண்டு பேரும் போயி நின்னோம். இப்பத் தலைவரு தங்கராஜு. நல்ல மனுஷன்தான், ஆனா புதுசா எதச் சொன்னாலும் வயித்துவலி வந்த மாதிரி முகம் போவும்.

"பைப்பு பழகிருச்சேம்மா. இத்தனை வருஷம் ஒரு கொறையும் இல்ல. பைப்புல வர மாட்டேன்னு ஆத்தா சொன்னாளா?"

"நாமதானே தலைவரே அவளப் பைப்புல வர வெச்சோம். பாவம், அவ ஒண்ணும் பேசாம வந்துக்கிட்டு இருக்கா"ன்னாங்க அண்ணி. கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. தங்கராஜுக்கே சிரிப்பு வந்துருச்சு, மீசையத் தடவுற மாதிரி மறைச்சாரு.

"சரி. ஒரே ஒரு வருஷம் பார்ப்போம். பர்மிட் நீதான் வாங்கணும். ஏதாச்சும் கோளாறு ஆச்சுன்னா மறுபடியும் பைப்புதான். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

கோல்ப் மைதானத்து மேனேஜர் ரசிடி, மரியாதையா என்சிக் ரசிடின்னுதான் கூப்பிடுவோம். அவரு தங்கமான மனுஷன். "போலே, கக்"ன்னு, தாராளமா செய்யலாம் அக்கான்னு, ஒடனே ஒத்துக்கிட்டாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு. திருவிழா அன்னைக்கு ஒரு போட்டி இருக்கு, டத்தோமாருங்க எல்லாம் வர்றாங்க. ஆத்துலேர்ந்து கோயிலுக்கு வர்ற பழைய லோரி ரோடு அவங்க பந்து அடிக்கிற ஏழாவது கட்டத்துக்குக் குறுக்கால போவுது. அதனால காலையில பத்து மணிக்குள்ள எல்லாரும் தாண்டிப் போயிரணும். அதுக்கு மேல அங்க ஒரு ஆள் நின்னாலும் என் வேலைக்கும் ஆபத்து, உங்க வேலைக்கும் ஆபத்துன்னாரு. அண்ணி சந்தோஷத்துல "போலே, போலே"ன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டாங்க.

அங்கதான் தப்பு பண்ணோம். எங்க கோயில் நோட்டீஸ்ல எட்டு மணிக்குக் கரகம்னு போட்டா, உறுமி மேளம் வந்து எறங்கவே பத்து ஆவும். இது தெரியாத தமிழன் நெகிரி செம்பிலான்லயே கெடையாது. அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆத்துக்குப் போறோம்ங்குற சந்தோஷத்துல ரெண்டு பேருக்குமே புத்தியில உறைக்கல.

பர்மிட் கெடைச்ச அன்னைக்கு ராத்திரி சாப்பிடுறப்ப அண்ணி அண்ணங்கிட்ட விஷயத்தச் சொல்லியிருக்காங்க. அண்ணன் தட்டுலேர்ந்து தலையத் தூக்கல. "அந்தத் தண்ணிய நீ குடிப்பியா?"ன்னு கேட்டுச்சாம். "குடிக்க மாட்டேங்க. ஆனா கால நனைப்பேன்"னாங்களாம் அண்ணி. அண்ணன் கையக் கழுவிட்டு எழுந்து போயிருச்சாம். இதச் சொல்றப்ப அண்ணி, "கோவப்படல மயிலு, அதுவே பெருசு"ன்னாங்க. எனக்கு என்னமோ நம்பிக்கை வரல.

திருவிழா அன்னைக்கு ஊரே பூங்கா கேட்டுக்கு வந்து நின்னுச்சு. வந்த சனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிச்சு! புல்லு அழுக்காயிருமாம். நேப்பாள்கார காவலாளி சிரிச்சுக்கிட்டே போட்டுக்குங்க போட்டுக்குங்கன்னு கையக் காட்டுறாரு, ஒருத்தர் கேக்கல. நானும் என் செருப்பக் கக்கத்துல வெச்சுக்கிட்டுதான் போனேன். உள்ள போனா, அடேயப்பா, இந்த எடமா அந்த எடம்! குட்டை இருந்த எடத்துல மூங்கில் வரிசை, பெஞ்சு, நல்ல காத்து. நாங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுன பாதையில பிள்ளைங்க ஊஞ்சல் ஆடுதுங்க.

அண்ணி மட்டும் கேட்டப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"அண்ணன் எங்க அண்ணி?"

"காலையில எந்திரிச்சப்பவே ஆளக் காணோம். மோட்டார் சைக்கிளையும் காணோம்."

ஆளு ஓடிருச்சுன்னுதான் நான் நெனச்சேன். நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சொல்லணும்னு வாய மூடிக்கிட்டேன். அந்த நேரத்துல அண்ணன் மேல வந்த கோவம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

மேளம் வழக்கம் போல லேட். விபூதித் தட்டு கோயில்லயே மறந்து போயி ஒருத்தர் மோட்டார்ல திரும்பிப் போனாரு. பூசாரி குணாளன் ஆத்துல எறங்குனப்ப வெயில் ஏறிருச்சு. குணாளன் மத்த நாள்ல எலெக்ட்ரிக் வேலை பார்க்குறவரு. இடுப்பளவு தண்ணியில நின்னு சொம்ப முக்குனாரு. பழச நெனச்சுக்கிட்டு பெருசுங்க எல்லாம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. தெளிஞ்ச தண்ணி. அவ்வளவுதான், குலவை போட ஆரம்பிச்ச பொம்பளைங்க நிறுத்தவே இல்ல. ரெண்டு பேருக்கு அருள் வந்துருச்சு. வேப்பலையும் பூவும் சுத்தி, உச்சியில எலுமிச்சம்பழம் குத்தி, கரகத்தத் தூக்கிக் குணாளன் தலையில வெச்சாங்க.

சரியா அப்ப மைதானத்துப் பக்கமிருந்து ஒரு ஊதல் சத்தம். அண்ணி மொகத்துல ரத்தம் வத்திப் போச்சு.

"போட்டி ஆரம்பிச்சுட்டாங்க மயிலு."

தலைக்கு ஏறுன கரகம் கோயில்லதான் எறங்கணும். நடுவுல கீழ வைக்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது. முன்னால டத்தோமாருங்க பந்து அடிக்கிறாங்க. குணாளனுக்கு இதெல்லாம் காதுல ஏறுமா? அவரு ஆடிக்கிட்டே லோரி ரோட்டுல போயிக்கிட்டு இருக்காரு. பின்னால மேளம், அதுக்குப் பின்னால ஊரு.

ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் ஒரு பந்து சொய்ங்குன்னு பறந்து வந்து கரகத்துக்கு முன்னால விழுந்து உருண்டுச்சு. எங்க தலைவரு தங்கராஜு என்ன நெனச்சாரோ, கண்ணுல ஒத்திக்கிட்டு அத எடுத்து மடியில கட்டிக்கிட்டாரு. திருஷ்டிக்கு யாரோ எலுமிச்சம்பழம் போட்டதுன்னு நெனச்சாராம், வெள்ளை எலுமிச்சம்பழம்! அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் தொடாதீங்க தொடாதீங்கன்னு இங்கிலீஷ்ல கத்துறாரு.

அண்ணி ஓடுனாங்க. பட்டுப்பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு, மெஷின் கொட்டகைக்குள்ள புகுந்து அந்தச் செகப்புக் கொடிய எடுத்துக்கிட்டு, மைதானத்து நடுவுல போயி நின்னு ஆட்டுனாங்க பாருங்க!  டத்தோமாருங்க கம்பத் தூக்குனவங்க தூக்குன மாதிரியே நின்னுட்டாங்க.

என்சிக் ரசிடி சின்ன வண்டியில பறந்து வந்தாரு. மொகம் செவந்து போயிருக்கு. "கக் நீலா! பத்து மணிக்குள்ளன்னு சொன்னதுக்குத் தலைய ஆட்டுனீங்களே!"

"தப்புதான் என்சிக். எங்களுக்கு நேரம் ஆயிருச்சு. ஆனா தலைக்கு ஏறுனத எறக்க முடியாது, திரும்பவும் முடியாது. என்னை நாளைக்கு நிறுத்துங்க. இப்ப இவங்கள விடுங்க"ன்னாங்க அண்ணி. கொடிய மட்டும் கீழ விடல.

அவரு குணாளனப் பார்த்தாரு, செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிற எங்களப் பார்த்தாரு. அப்புறம் வாக்கி-டாக்கிய எடுத்து எல்லாக் கட்டத்தையும் நிறுத்தச் சொன்னாரு. "செப்பாட் லா, கக்"ன்னாரு, சீக்கிரம் போங்கன்னு. ஒரு வயசான சீன டத்தோ தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு நாங்க தாண்டுற வரைக்கும் நின்னாரு. இன்னொருத்தர் போன்ல படம் புடிச்சாரு. தன்னோட பந்து எங்கன்னு மட்டும் ஒருத்தர் கடைசி வரைக்கும் தேடிக்கிட்டு இருந்தாரு. திங்கக்கிழமை அண்ணியக் கூப்பிட்டு ரசிடி நல்லா ஏசுனாரு. ஏசி முடிச்சுட்டு, அடுத்த வருஷம் தேதிய முன்னாலயே சொல்லுங்க, போட்டிய மத்தியானத்துக்கு வெச்சுக்கறேன்னாரு. வேலை போகல. பந்தையும் தலைவரு திருப்பிக் குடுத்துட்டாரு, குங்குமத்தோட.

கரகம் எங்க வீதிக்குள்ள நொழைஞ்சதும் அண்ணி முன்னால ஓடி வீட்டு வாசலுக்கு வந்தாங்க. நானும் பின்னாலயே போனேன். முதல் நாள் ராத்திரியே வாசல்ல எடுத்து வெச்ச வாளியக் காணோம், விடிகாலை அவசரத்துல அண்ணி அதக் கவனிக்கவே இல்ல. மஞ்சத்தூளும் வேப்பலையும் தட்டுல அப்படியே இருக்கு, வாளி இல்ல. அண்ணி உள்ள ஓடிப் பார்த்தாங்க, குளியலறையில பார்த்தாங்க. கரகம் ரெண்டு வீடு தள்ளி வந்துருச்சு. அண்ணி அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க.

"போதும் மயிலு. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

 என் வீட்டு வாளிய எடுத்துட்டு வரலாம்னு திரும்புறேன், முக்குல மோட்டார் சத்தம் கேக்குது. அண்ணன். ஒரு கையால மோட்டார் ஓட்டிக்கிட்டு, இன்னொரு கையால மடியில ஆத்துத் தண்ணி தளும்புற வாளியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வருது. தொடை வரைக்கும் ஈரம், காலெல்லாம் ஆத்து மண்ணு. மூங்கிலுக்குப் பின்னால, அந்தப் பழைய வால்வு இருந்த எடத்துல காலையிலேர்ந்து உக்காந்திருந்துச்சாம். கரகம் தண்ணியிலேர்ந்து ஏறுறத அங்கேயிருந்து பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் தண்ணியில காலு வெச்சுச்சாம்.

 மேளம் ஒரு நொடி தடுமாறுன மாதிரி இருந்துச்சு. அண்ணன் வாளிய எறக்கி வெச்சு, மஞ்சத்தூளக் கொட்டி, கையாலயே கலக்குச்சு. வேப்பலையையும் போட்டுச்சு.

"மோந்து பார்த்தேன் நீலா"ன்னுச்சு. "நாறல."

அண்ணி எழுந்து வந்து வாளிக்கு அந்தப் பக்கம் புடிச்சாங்க. ரெண்டு பேருமா தூக்கிக் குணாளன் கால்ல ஊத்துனாங்க. ஊத்தி முடிச்சும் அண்ணன் குனிஞ்ச தலைய நிமுத்தல, தோளு குலுங்குது. தங்கராஜு கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்து அண்ணன் முதுகுல கை வெச்சாரு.

"வீரமுத்து, கோயிலுக்கு வாப்பா."

அண்ணன் தன் ஈரக் கால்சட்டையப் பார்த்துச்சு, சேறு ஒட்டுன காலப் பார்த்துச்சு. "இப்படியேவா? துணி மாத்திட்டு வர்றேன்"னு உள்ள திரும்புச்சு.

அண்ணி அது கையப் புடிச்சு நிறுத்துனாங்க.

"மாத்த வேணாங்க. ஆத்துத் தண்ணிதானே. அப்படியே வாங்க."

அப்படியேதான் வந்துச்சு.